பழக்கடைக்காரர் வீட்டில் பழம் இல்லை

அந்த வீட்டில் மேலிடம் என்றால் அம்மாதான். பெயர் வைத்தவர் அவளுடைய கணவர், பழக்கடைக்காரர். கல்யாணமான புதிதில் கேலியாக வைத்தது. இப்போது அது கேலி இல்லை, பதவி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கணவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே மேலிடம் ஒரு சட்டம் போட்டாள். கடையிலிருந்து தினமும் வீட்டுக்கு வரும் மிச்சக் கூடை அன்றோடு நின்றது.

அந்தக் கூடையை நம் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பழக்கடைக்காரர் வீட்டில் யாரும் நல்ல பழம் சாப்பிட்டதே கிடையாது. முன்வரிசைப் பழம் வாடிக்கையாளருக்கு. அடிபட்டது, அளவுக்கு மீறிக் கனிந்தது, நாளைக்குத் தாங்காது என்று தோன்றியது எல்லாம் கூடையில் ஏறி வீட்டுக்கு வரும். இரவுச் சாப்பாடு முடிந்த வயிற்றின் மேல், வீணாகிவிடுமே என்று கூடை மொத்தமும் காலி செய்யப்படும். சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

கூடை நின்றதும் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. மேலிடத்துக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் யாருக்குச் சர்க்கரை என்றாலும் கூப்பிட்டு உட்கார வைத்து அறிவுரை சொன்னாள்.

போன வாரம்தான் இடி விழுந்தது. டாக்டர் முன்பே கொழுப்பு மாத்திரை கொடுத்திருந்தும், ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு தாறுமாறாக ஏறியிருந்தது. பக்கத்து ஊரில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் மகன் ஓடி வந்தான். வந்ததும் தீர்ப்பு எழுதிவிட்டான். அப்பா கடையில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பழம் தின்கிறார். கடையை வாடகைக்கு விட்டுவிட்டு இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும். செல்போன் விற்கும் ஒருவரைப் பிடித்து, இன்று மாலை பேசி முடிக்க வரச் சொல்லியும்விட்டான்.

கடை போனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று மேலிடத்துக்குத் தெரியும். மகன் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, கீழே போகிற தள்ளுவண்டிக்காரனின் பழத்தைக் குறை சொல்லிக்கொண்டே கிழவராகிவிடுவார். அவளுக்கு அது வேண்டாம்.

இன்று காலை, டாக்டரைப் பார்க்க மூன்று பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தார்கள்.

"இந்த லிஃப்ட் போடுற சத்தத்தைக் கேட்டியாம்மா? இதுக்கு எண்ணெய் போட்டே ஒரு மாமாங்கம் இருக்கும்," என்றான் மகன். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினான். "இப்பவாவது சொல்லிடுங்கப்பா. கடையில சாப்பிடுறீங்கதானே?"

"சத்தியமா இல்லடா. ஒரு திராட்சையைக்கூட வாயில போட்டதில்ல."

"அப்ப கொழுப்பு காத்துல பறந்து வந்துச்சா?"

பழக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் நம்பினாள். நம்பாமல் எப்படி? தினமும் கடையிலிருந்து வந்ததும் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தல்லவா உள்ளே விடுகிறாள்! குடித்துவிட்டு வருகிறவர்கள் வீட்டில்கூட அப்படி ஒரு சோதனை இருக்காது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், பக்கத்து அறையில் இருக்கும் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகர் சின்ன வயதுப் பெண். மேஜையில் ஒரு கூடை நிறையப் பிளாஸ்டிக் பழங்கள் வைத்திருந்தாள். பழக்கடைக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓர் ஆப்பிளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த நிறத்துக்குக் காம்பு இவ்வளவு தடியா இருக்காதும்மா."

"அடுத்த தடவை உங்க கடையிலேயே வாங்கிடறேன் சார். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிடுறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"காலையில எந்திரிச்சதும்..." என்று மேலிடம் ஆரம்பித்தாள்.

"அவர் சொல்லட்டும்மா."

மேலிடத்தின் வாயை ஒருவர் இவ்வளவு மரியாதையாக மூடி யாரும் பார்த்ததில்லை. மகன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டான்.

பழக்கடைக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று வேளைச் சாப்பாட்டிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. அளவெல்லாம் மேலிடத்தின் கையளவு.

"பழம்?"

"ரெண்டு வருஷமா தொடலை."

"பழம் விக்கிறவர் நீங்க. சரி, டீயோட என்ன?"

"பிஸ்கட்."

"எத்தனை?"

"அது சர்க்கரை இல்லாத பிஸ்கட்மா."

"எத்தனைன்னு கேட்டேன் சார்."

அவர் தலையைச் சொறிந்தார். "எண்ணினதில்ல. என் தங்கச்சி பேக்கரி வச்சிருக்கா. பழத்தை விட்டுட்டேனேன்னு பாவப்பட்டு, எனக்குன்னே தனியா போட்டு டின்ல கொண்டாந்து தருவா. காலையில டீயோட கொஞ்சம். அப்புறம் வியாபாரம் ஓஞ்ச நேரத்துல கொஞ்சம். சாயங்காலம் பசிச்சா கொஞ்சம். படுக்கறதுக்கு முன்னாடி..."

"கொஞ்சம்," என்று முடித்தாள் ஆலோசகர்.

மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை. "அதுல சர்க்கரையே கிடையாதும்மா! நானே நாக்குல வச்சுப் பார்த்துட்டுத்தான் குடுக்கிறேன்."

"சர்க்கரை இல்ல, சரி. வெண்ணெய்?"

மேலிடத்துக்கு அந்த டின் ஞாபகம் வந்தது. அடியில் போட்டு வரும் வெள்ளைக் காகிதம், டின் காலியாகும்போது எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அந்தப் பிசுக்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறவளும் அவள்தான். கை வழுக்கும்போதெல்லாம் நாத்தனாரின் தாராள மனசை மெச்சியிருக்கிறாள். நாத்தனாருக்கு அண்ணன் என்றால் உயிர். வேலை முடித்துக் களைத்து வருவாள், வந்ததும் பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள், டின்னைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

"பழம் உங்களுக்கு எதிரி இல்ல சார்," என்றாள் ஆலோசகர். "முழுப் பழமா மென்னு சாப்பிட்டா, அதுல இருக்கிற நார்ச்சத்து குடல்லேருந்து கொழுப்பைக் கொஞ்சம் வெளிய இழுத்துட்டுப் போயிடும். சர்க்கரையும் படக்குன்னு ஏறாது. ஆனா ஜூஸ் வேண்டாம். ரொம்பக் கனிஞ்சது வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டு அதுக்கு மேல பழம், அதுவும் வேண்டாம். பிஸ்கட் சாப்பிடற நேரத்துல பிஸ்கட்டுக்குப் பதிலா ஒரே ஒரு பழம், உங்க கைப்பிடி அளவு. கொய்யா, ஆப்பிள், ஆரஞ்சு, பேரிக்காய், இந்த மாதிரி. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டு மெஷின்ல சர்க்கரை பாருங்க. எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலைன்னு அது சொல்லிடும்."

"அப்ப பழம் சாப்பிட்டா கொழுப்பு மாத்திரையை விட்டுடலாமா?" என்று கேட்டான் மகன்.

"கூடவே கூடாது. பழம் மாத்திரைக்குத் துணை, அவ்வளவுதான். மாத்திரை ஒழுங்கா போடுறீங்கதானே சார்?"

"ம்... போடுறேன், போடுறேன்," என்றார் பழக்கடைக்காரர், கையிலிருந்த பிளாஸ்டிக் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டே. மேலிடம் அதைக் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. அவள் மனசு இன்னும் அந்த எண்ணெய்க் காகிதத்திலேயே இருந்தது.

"மூணு மாசம் இப்படி இருங்க. திரும்ப ரத்தம் பார்ப்போம்," என்று அனுப்பி வைத்தாள் ஆலோசகர்.

வெளியே வந்ததும் மேலிடம் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பேருந்து நிறுத்தம் வந்தபோது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தப்பு என்னோடது. முன்வாசலைப் பூட்டிட்டுப் பின்வாசலைத் திறந்து வச்சிருக்கேன்," என்றாள். "இன்னையோட பிஸ்கட் கிடையாது. நாலு மணிக்கு நான் கடைக்கு வர்றேன்."

"சரி மேலிடம்," என்றார் அவர்.

"சாயங்காலம் நானும் வர்றேன், அந்த ஆளைக் கூட்டிட்டு," என்றான் மகன். அவன் குரலில் மாற்றம் எதுவும் இல்லை.

நாலு மணிக்கு அவள் கடைக்குப் போனபோது பழக்கடைக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எதையோ பறிகொடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார். டின் இருந்த இடத்தில் பழக்கத்தில் கை போயிற்று, திரும்பி வந்தது.

"பழம் எடுங்க," என்றாள்.

அவர் குனிந்து, பலகைக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்த கொய்யா ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் கறுத்து, விரல் பட்டால் அமுங்கியது.

மேலிடம் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "ரொம்பக் கனிஞ்சது வேண்டாம்னு அந்தப் பொண்ணு சொன்னது காதுல விழலையா? நல்லதா எடுங்க."

"நல்லது எங்க இருக்கு?"

"கண்ணு முன்னாடி மலை மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்களே!"

அவர் பதறிப்போனார். "முன்வரிசையா? அது வியாபாரத்துக்கு!"

"நீங்க இருந்தாத்தான் வியாபாரம்."

சொல்லிவிட்டு அவளே எட்டிக் கை வைத்தாள். அடுக்கின் நட்டநடுவிலிருந்து, பச்சையும் மஞ்சளுமாகக் கெட்டியாக இருந்த கொய்யாவை உருவி எடுத்தாள். மற்ற பழங்கள் சரியப் பார்த்தன. அவர் ஓடி வந்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். அவள் கழுவி, தோலோடு நாலாக நறுக்கி நீட்டினாள்.

அவர் முதல் கடியைக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"என்னங்க?"

"இத்தனை வருஷமா விக்கிறேன்," என்றார். "இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாதும்மா."

எத்தனை பேருக்கு நல்லதாகப் பொறுக்கிப் போட்ட கை அது! அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் தராசைத் துடைத்தாள்.

வேடிக்கையைக் கேளுங்கள். கடைக்காரரே ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து, தெருவில் போன பள்ளிக்கூட டீச்சர் நின்றுவிட்டாள். "அதே மாதிரி எனக்கும் ஒரு கிலோ போடுங்க." அவளைப் பார்த்து இன்னொருத்தி நின்றாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மகன் செல்போன்காரரோடு வந்து சேர்ந்தான். அப்பாவின் வாயில் கொய்யா. இரு கன்னமும் உப்பியிருந்தன.

"பார்த்தியாம்மா! கையும் களவுமா மாட்டிக்கிட்டார்!"

"நான்தான் குடுத்தேன்," என்றாள் மேலிடம். "கத்தாதே. ஆள் நிக்கிறாங்க."

செல்போன்காரர் இதில் எதிலும் பட்டுக்கொள்ளவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து, பழத்தட்டுகளை ஒதுக்கிவிட்டுச் சுவரை அளக்க ஆரம்பித்தார். பழக்கடைக்காரர் மெல்வதை நிறுத்திவிட்டு அந்த டேப் நீளுவதையே பார்த்தார். அந்தப் பார்வையை மேலிடம் பார்த்துவிட்டாள்.

"டேப்பைச் சுருட்டுங்க சார். கடை வாடகைக்கு இல்ல."

"அம்மா!"

"என்னடா அம்மா? காலையில அந்தப் பொண்ணு சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல நின்ன? கெடுத்தது கடை இல்ல. அந்த பிஸ்கட் டின்."

மகன் அவளைத் தனியாக மரப்பெட்டிகளின் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். குரல் இறங்கிவிட்டது.

"உனக்குத் தெரியாதும்மா. போன மாசம் ஒரு கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னு கூப்பிட்டாங்க. கதவை நெம்பித் திறந்தா, உள்ள அப்பா வயசுல ஒருத்தர். தனியா, நெஞ்சுல கையை வச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தார். பொழைச்சுட்டார். ஆனா அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அப்பா இந்தக் கடையில தனியா இருக்காரேன்னு..."

மேலிடத்துக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. இத்தனை நாள் அதிகாரம் பண்ணுகிறான் என்று நினைத்தாள். பயந்துபோய்க் கிடந்திருக்கிறான் பிள்ளை. அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"இனிமே தனியா இல்ல. நான் தினமும் கடைக்கு வர்றேன். மூணு மாசம் குடு எனக்கு. ரிப்போர்ட் சரியில்லைன்னா நானே இந்தக் கடையைப் பூட்டி, சாவியை உன் கையில குடுத்துட்டு, உன் பின்னாடியே வந்துடறேன். உங்க அப்பாவையும் இழுத்துட்டு வர்றேன். இது என் வார்த்தை."

அம்மா வார்த்தை கொடுத்தால் அது கல்வெட்டு என்று அவனுக்குத் தெரியும்.

"மூணு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் இல்ல."

"அதுக்கு மேல நீயே கேட்டாலும் இல்ல."

"அப்ப நான் எழுதக் குடுத்த கடை போர்டு?" என்று கேட்டார் செல்போன்காரர்.

"வேற இடம் பாருங்க சார். ஓர் ஆப்பிள் எடுத்துக்கோங்க," என்றாள் மேலிடம். பழக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் கீழே இருந்து ஒன்றை எடுக்கப் போனார். அவள் முறைத்தாள். கை மேலே போயிற்று.

அவர்கள் போன பிறகு கடையில் கூட்டம் குறைந்தது. பழக்கடைக்காரர் வாசலில் நின்று ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பாடி அவள் கேட்டே பல காலம் ஆயிற்று. விற்றுப்போன இடத்தை நிரப்பலாம் என்று மேலிடம் உள்ளே ஆப்பிள் பெட்டியைத் திறந்தாள். மேலே போட்டிருந்த மெல்லிய காகிதத்தை விலக்கினாள்.

ஆப்பிள்களுக்கு நடுவே, அதே காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி, மாத்திரை அட்டைகள் இருந்தன. கொழுப்பு மாத்திரைகள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

வாசலில் பாட்டு நின்றது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"என்னங்க இது?"

அவர் ஓடி வந்து பெட்டியை மூடப் பார்த்தார்.

"காலையில அந்தப் பொண்ணுகிட்ட 'போடுறேன், போடுறேன்'னு தலையை ஆட்டினீங்களே!"

"மழைக்காலம் ஆரம்பிச்சதிலிருந்து போடலை," என்றார் மெதுவாக. "எறியலாம்னு பார்த்தேன். நல்ல சரக்கை எறிய மனசு வரலை."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு அழுவதா, சிரிப்பதா? அழுகிற பழத்தைத் தின்றுவிட்டு, அழுகாத மாத்திரையைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதுதானே கடையையே பணயம் வைத்துப் பிள்ளையிடம் வார்த்தை கொடுத்தாள்!

"ஏன் விட்டீங்க?"

"கால் வலிக்கும்னு சொன்னாங்க."

"உங்களுக்கு வலிச்சுதா?"

"இல்ல."

"யாரு சொன்னது?"

"தங்கச்சி. அவளுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இதே மாத்திரை போட்டு, ராத்திரியெல்லாம் கால் கடுத்துப்போச்சாம். நிக்கிற தொழில் உனக்கு, கால் போனா என்ன பண்ணுவேண்ணான்னு அழுதா."

"வலிச்சா டாக்டர்கிட்ட சொல்லணும். வேற மாத்திரை குடுப்பாரு, இல்ல அளவைக் குறைப்பாரு. தங்கச்சிகிட்ட கேட்டா பிஸ்கட்தான் குடுப்பா." மேலிடம் அட்டைகளை எடுத்து, தராசுக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். "நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட போறோம். நீங்களே உங்க வாயால சொல்றீங்க. இன்னைக்கு ராத்திரியே பையனுக்கும் போன் பண்ணி நீங்களேதான் சொல்லணும்."

"கடையைப் பூட்டச் சொல்லிடுவானே!"

"சொல்லட்டும். மறைச்சு ஜெயிக்கிற ஜெயிப்பு எனக்கு வேண்டாம். பழமும் மாத்திரையுமா சேர்ந்து கொழுப்பை இறக்கிக் காட்டுறேன், பாருங்க."

அந்த நேரத்தில்தான் வாசலில் குரல் கேட்டது.

"அண்ணி! நீங்களும் இங்கதான் இருக்கீங்களா? முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க."

நாத்தனார். இடுப்பில் டின். பாட்டில் தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். "இப்பதான் அடுப்புலேருந்து எடுத்தேன். தொட்டுப் பாருங்க, இன்னும் சூடு இருக்கு."

மேலிடம் டின்னை வாங்கினாள். திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மாத்திரை போட்டுக் கால் கடுத்துப்போச்சுன்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னியே, அது யாரு? அவங்களையும் நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்னு பார்க்கிறேன்."

நாத்தனாரின் பார்வை தராசுப் பக்கம் போயிற்று. மாத்திரை அட்டைகளைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். சிரித்து மழுப்பப் பார்த்தாள், முடியவில்லை.

"அண்ணி..."

"சொல்லு."

"நான்தான் அண்ணி." அவள் குரல் உடைந்தது. "எனக்கும் சர்க்கரைதான். கொழுப்பும் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. வீட்டுல யாருக்கும் தெரியாது. கேக் விக்கிறவளுக்கே சர்க்கரைன்னா சிரிக்க மாட்டாங்களான்னு... எல்லா மாத்திரையும் நிறுத்திட்டேன்."

பழக்கடைக்காரர் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர், அப்பா காலத்துக் கடையின் ஒரே மிச்சக் கூடையில் வளர்ந்தவர்கள், ஒரே வியாதியை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். திட்டுவதற்காக மேலிடம் நாக்கில் தயாராக வைத்திருந்த அத்தனையும் கரைந்துபோனது. அந்தத் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தாள். சர்க்கரையின் தாகத்தை இத்தனை நாள் களைப்பு என்றல்லவா நினைத்தாள்!

டின்னை எடுத்துக் கடைக்கு வெளியே, போகிற வழியில் நாத்தனாரே எடுத்துக்கொண்டு போகிற மாதிரி வைத்தாள். பிறகு முன்வரிசையில் கை வைத்து, கெட்டியான கொய்யா ஒன்றை உருவினாள்.

இந்தத் தடவை பழக்கடைக்காரர் அடுக்கைப் பிடிக்க ஓடி வரவில்லை. கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

"அழாதே, சாப்பிடு. தோலோட சாப்பிடணும்," என்றாள் மேலிடம். "நாளைக்கு நாம மூணு பேரும் போறோம். மூணு மாசம் கழிச்சு பையன்கிட்ட நான் காட்டப்போறது ஒரு ரிப்போர்ட் இல்ல, ரெண்டு."